சாக்குக்குள் ஏறும் வயது

மே மாதத்தில் கர்நாடகத்தின் ஹாசன் வேளாண் விற்பனைக் கூடத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பஞ்சாபின் ஜலந்தர் பக்கம் விளைந்து, அங்கே சில மாதங்கள் குளிர்பதனக் கிடங்கில் கிடந்து, 2,000 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வந்து இறங்கும் விதை உருளைக்கிழங்கு மூட்டைகள் அவற்றில் இருக்கும். மானாவாரியில் உருளை போடுகிறவர்கள் முதல் மழையை எதிர்பார்த்து மூட்டை வாங்கிப் போவார்கள். ரகம் என்ன, அழுகல் உண்டா, கிழங்கின் பருமன் சரியா, குவிண்டால் என்ன விலை என்பதெல்லாம் அலசப்படும். கிழங்கின் வயது என்ன என்ற கேள்வி மட்டும் பேச்சில் வராது. வந்தாலும் விற்பவரிடம் பதில் இருக்காது.

ஒரே ரகம், ஒரே வயல், ஒரே நாளில் தோண்டிய கிழங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மூட்டை ஊன்றுவதற்குச் சில நாள் முன்புவரை 3 டிகிரி குளிரில் இருந்தது. இன்னொன்று கிடங்கை விட்டு வெளியேறி, ஒரு மாதமாகத் தகரக் கொட்டகையில் கோடைப் புழுக்கத்தில் கிடந்தது. நாட்காட்டிப்படி இரண்டுக்கும் வயது ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்த பாரில் ஊன்றினால், மண்ணைக் கீறி வெளிவரும் நாளிலிருந்து செடிக்கு எத்தனை தண்டு, இலை எப்போது பாரை மூடும், எப்போது பழுக்கும், எத்தனை கிழங்கு, என்ன எடை என்பதுவரை எல்லாமே வேறாகிவிடும். உருளைச் சாகுபடிச் செலவில் 40 முதல் 50 சதவீதம் விதைக்கே போகிறது. அந்தப் பணத்தில் எதை வாங்குகிறோம் என்பது பாதி தெரியாமலேயே இந்த வியாபாரம் நடக்கிறது.

இந்த வயதைப் புரிந்துகொள்ள முதலில் கிழங்கையே சற்று உற்றுப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்குள் படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய தண்டின் நுனி பருத்துத் திரண்டதுதான் அது. ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பினால், ஒரு முனையில் தாய்ச்செடியிலிருந்து அறுந்த காம்பின் சிறு வடு தெரியும். எதிர்முனையில் கண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும். வடுவிலிருந்து அந்த நெருக்கம் வரை கண்கள் சுருள்வாக்கில் ஏறிப் போகின்றன. தண்டில் இலைகள் அமையும் அதே ஒழுங்கு. கண்ணின் ஓரத்தில் வளைந்திருக்கும் கோடு, இலை இருந்திருக்க வேண்டிய இடத்தின் தழும்பு. கண்ணின் பள்ளத்துக்குள் ஒன்றல்ல, பல மொட்டுகள் ஒளிந்திருக்கின்றன.

நெல்லும் உளுந்தும் ஈரத்தை இழந்து, ஏறக்குறைய மூச்சை அடக்கிக்கொண்டு, பத்தாயத்திலும் குதிரிலும் காத்திருக்கக்கூடியவை. உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது ஓயாமல் சுவாசிக்கிறது. தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கி எரிக்கிறது. சூடு கூடினால் எரிப்பும் கூடும். மண்ணுக்குள் போகும்வரை அது ஒரு செடியின் வாழ்நாளைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது, சாக்குக்குள் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தோண்டி எடுத்த புதுக்கிழங்கை எவ்வளவு நல்ல மண்ணில், எவ்வளவு இதமான ஈரத்தில் ஊன்றினாலும் உடனே முளைக்காது. தடை மண்ணில் இல்லை, மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சி ஒழுங்கி அந்த உறக்கத்தைக் காக்கிறது. நாளாக நாளாக அதன் பிடி தளர, சைட்டோகைனினும் ஜிப்ரலினும் மொட்டை எழுப்புகின்றன. இந்த உறக்கம் ரகத்தைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதங்கள் வரை நீளும். ஆண்டீஸ் மலைகளில் வளரும் பியூரேயா வகைக் கிழங்குகளுக்கு உறக்கமே கிடையாது. ஆண்டு முழுக்கப் பயிரிட முடிகிற தாழ்ந்த மலைச்சரிவுகளில் உழவர்கள் அப்படிப்பட்டவற்றையே தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். முற்றாத கிழங்கைத் தோண்டினால், தோண்டிய நாளிலிருந்து எண்ணும்போது உறக்கம் நீளும். வெயிலிலும் வறட்சியிலும் தவித்து வளர்ந்த பயிரின் கிழங்கு சீக்கிரமே விழித்துக்கொள்ளும். கிழங்கின் வயது ஏறத் தொடங்குவது கிடங்கில் அல்ல, தாய்ச்செடியின் காலடியிலேயே என்பதை இது காட்டுகிறது.

உறக்கம் கலைந்ததும் எல்லாக் கண்களும் ஒன்றாக முளைப்பதில்லை. கண்கள் நெருங்கிய முனையில் உச்சியில் இருக்கும் மொட்டு மட்டும் முதலில் கிளம்பும். அதிலிருந்து கீழ்நோக்கி வரும் ஆக்சின் மற்ற மொட்டுகளை அமுக்கி வைத்திருக்கும். இதை நுனி ஆதிக்கம் என்பார்கள். இந்த நிலையில் ஊன்றினால் பெரும்பாலும் ஒரு தண்டு, மிஞ்சினால் இரண்டு. இன்னும் சில வாரம் போனால் அந்த ஆதிக்கம் தளர்ந்து, நாலைந்து கண்களில் குட்டையான தடித்த முளைகள் வரும். விதைக்கு உகந்த பருவம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2012-ல் இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார்கள். நுனி ஆதிக்கம் முடிவுக்கு வரும்போது உச்சி மொட்டின் வளர்திசுவில் சில செல்கள் திட்டமிட்டபடி தாமே மடிகின்றன. உச்சி மொட்டு தானாக ஒதுங்கி மற்றவற்றுக்கு வழிவிடுகிறது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகும் ஊன்றாமல் விட்டால் முளைகள் கிளைவிடும். பிறகு வரும் முளைகள் மெலிந்து, நூல் நூலாகத் தொங்கும். கடைசி நிலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இலையே இல்லாத முளையின் நுனியிலோ, கிழங்கின் கண்ணிலேயோ, கோலிக்குண்டு அளவில் சின்னக் கிழங்குகள் திரளும். செடியாக ஆகாமலேயே, மண்ணையும் வெயிலையும் பார்க்காமலேயே, தாய்க்கிழங்கின் சத்தை எடுத்து அடுத்த தலைமுறைக் கிழங்கை அது உண்டாக்கிவிடுகிறது. மிக முதிர்ந்த விதையைக் குளிர்ந்த மண்ணில் ஊன்றும்போது வயலிலும் இது நடக்கும். வரிசையில் இடைவெளி விழுந்த இடத்தைக் கிளறினால், அழுகாத தாய்க்கிழங்கும் அதை ஒட்டிக் குட்டிக் கிழங்குகளும் கிடக்கும். மேலே ஓர் இலைகூட வந்திருக்காது.

உறக்கத்திலிருந்து இந்த முடிவு வரைக்கும் உள்ள பாதையில் ஒரு கிழங்கு எங்கே நிற்கிறது என்பதைத்தான் அறிவியலாளர்கள் உடலியல் வயது என்கிறார்கள். பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் ஆய்வு செய்த மாடெக், பெரெனெக் இருவரும் 1950-களிலேயே இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டார்கள். முளை விடத் தொடங்கியதிலிருந்து முளையிலேயே கிழங்கு திரளும்வரை உள்ள கால அளவை அவர்கள் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஊன்றும் நாளில் அந்தப் பயணத்தில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறதோ, அதற்கேற்ப வயலில் கிழங்கு பிடிப்பதும் முந்தும் அல்லது பிந்தும். ஜப்பானில் கவகாமி என்ற ஆய்வாளர், பழைய விதையின் பயிர் நலிவதற்கு நோய் மட்டும் காரணமல்ல, விதையின் மூப்பும் காரணம் என்று 1962-ல் ஐரோப்பிய உருளைக்கிழங்கு ஆய்விதழில் எழுதினார். அதுவரை விதை 'கெட்டுப்போவது' என்றால் வைரஸ் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள்.

வயதை எப்படி அளப்பது? ஐரோப்பாவில், குறிப்பாக பிரிட்டனில், எளிய கணக்கு ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. உறக்கம் கலைந்த நாளிலிருந்து, ஒவ்வொரு நாளும் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் எத்தனை டிகிரி வெப்பம் பட்டது என்று கூட்டிக்கொண்டே போவது. 3 டிகிரியில் 100 நாள் இருந்த கிழங்கின் கணக்கு பூஜ்யம். 24 டிகிரியில் 10 நாள் இருந்தால் 200. ஆட்டோ நின்றாலும் மீட்டர் ஓடுகிற மாதிரி, மூட்டை அசையாமல் கிடந்தாலும் இந்த எண் ஏறிக்கொண்டிருக்கும். கணக்கு துல்லியமானதல்ல. குளிர் மூப்பை வெகுவாக மட்டுப்படுத்துமே தவிர முழுதாக நிறுத்துவதில்லை. 30 டிகிரிக்கு மேல் கூட்டல் நேர்கோட்டில் போவதுமில்லை. ஒரே எண்ணிக்கையில் ஒரு ரகம் இளமையாகவும் இன்னொரு ரகம் கிழடாகவும் இருக்கும். ஆனாலும் அறுவடைத் தேதியை மட்டும் பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல்.

வயலில் என்ன ஆகிறது என்று இப்போது பார்க்கலாம். உருளையின் விளைச்சல் பெரும்பாலும் மூன்று விஷயங்களால் முடிவாகிறது. இலைப்பரப்பு எவ்வளவு வெயிலைப் பிடிக்கிறது, பிடித்த வெயிலில் எவ்வளவு உணவாகிறது, அந்த உணவில் எவ்வளவு கிழங்குக்குப் போகிறது. விதையின் வயது முதலாவதையும் மூன்றாவதையும் நேரடியாகப் பிடித்து அசைக்கிறது.

முதிர்ந்த விதை சீக்கிரம் முளைத்து வெளியே வரும். ஒரு குழிக்கு நாலைந்து தண்டு கிளம்பும். பார் விரைவில் பசுமையாகும், பார்க்கிறவர்கள் மகிழ்ந்து போவார்கள். அதே வேகத்தில் மண்ணுக்குள்ளும் கிழங்கு திரள ஆரம்பித்துவிடும். அங்கேதான் சிக்கல். கிழங்கு திரளத் தொடங்கியதும் இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்குகிறது. புது இலைக்கும் புதுக் கிளைக்கும் போகும் பங்கு சுருங்குகிறது. செடி இன்னும் பெரிதாக வேண்டிய பருவத்தில் வளர்ச்சி நின்றுபோகிறது. பாருக்கும் பாருக்கும் இடையே மண் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த மண்ணில் விழும் வெயில் அத்தனையும் வீண். பயிர் சீக்கிரமே மஞ்சளித்து ஓய்ந்துவிடும். தோண்டினால் கிழங்கின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், உருவம் சிறிதாக இருக்கும்.

இளம் விதையின் போக்கு இதற்கு எதிர். வெளிவரத் தாமதம், தண்டு குறைவு. முதல் மாதத்தில் இந்தப் பயிரைப் பார்த்தால் கவலைதான் வரும். ஆனால் இந்தத் தண்டுகள் தடித்து, கிளைவிட்டு, அடர்ந்து, பாரை முழுக்க மூடி, நீண்டநாள் பச்சையாக நிற்கும். கிழங்கு பிந்தித் திரளும், எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றும் பெரிதாகும். இரண்டு பயிரின் கிழங்கு எடையையும் வாரம் ஒருமுறை தோண்டி எடைபோட்டு வரைந்தால், தொடக்கத்தில் முதிர்ந்த விதையின் கோடு மேலே ஓடும். எங்கோ நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். பிறகு இளம் விதையின் கோடு மேலேறிப் போய்விடும்.

இந்த வெட்டுப்புள்ளியை மனத்தில் வைத்தால், எந்த வயது நல்ல வயது என்ற கேள்வியே மாறிவிடுகிறது. அறுவடை அந்தப் புள்ளிக்கு முன்பா, பின்பா என்பதுதான் கேட்க வேண்டியது. ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவில் முன்பருவ உருளையை நம்பி வாழும் விவசாயிகள், விதைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து, கண்கள் நெருங்கிய முனை மேலே பார்க்கும்படி தட்டுகளில் நிறுத்தி, முளைக்க விட்டுத்தான் ஊன்றுகிறார்கள். சந்தைக்கு முதலில் போகும் கிழங்குக்குத்தான் அங்கே விலை. அவர்களுக்கு வயதேறிய விதை வேண்டும். அமெரிக்காவின் இடாஹோ, வாஷிங்டன் மாநிலங்களில் வறுவல் ஆலைகளுக்காக ரஸட் பர்பாங்க் ரகம் போடுகிறவர்களுக்கு நீண்ட பருவமும் நீண்ட பெரிய கிழங்கும் வேண்டும். அவர்கள் விதையைக் குளிரிலேயே வைத்து இளமை காக்கிறார்கள். நெதர்லாந்தின் இயற்கை விவசாயிகள் பூஞ்சைக்கொல்லி தெளிக்க முடியாததால், பின்பருவ இலைக்கருகல் வந்து பயிரை அழிப்பதற்குள் ஓரளவு கிழங்கு திரண்டுவிட வேண்டும் என்று முளைகட்டிய விதையை ஊன்றுகிறார்கள். விதைக்கிழங்கு உற்பத்தி செய்கிறவர்களுக்கோ, சின்னதாக நிறையக் கிழங்கு வேண்டும். சமையலுக்குப் போகும் பயிரில் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 தண்டு போதுமென்றால், விதைப்பயிருக்கு 30 வரை வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே பல கண்ணில் முளைத்த விதைதான் கைகொடுக்கும்.

இந்தியாவின் உருளை வரலாற்றையே இந்த வயதுப் பிரச்சினை ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறது. இந்த நாட்டில் அது இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய கதை என்பது என் எண்ணம்.

உருளையின் பெரிய எதிரி அசுவினி. செடிக்குச் செடி சாறு குடித்தபடி வைரஸைப் பரப்பிவிடும். அதனால் அசுவினி குறைந்த இமயமலைச் சரிவுகளில்தான் நல்ல விதை கிடைக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நம்பிக்கையில் தவறில்லை, மலை விதையில் வைரஸ் குறைவுதான். ஆனால் மலையில் கோடைப்பயிர் செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும். கங்கைச் சமவெளியில் உருளையின் முக்கியப் பருவம் தொடங்குவதும் அதே அக்டோபரில். மலையிலிருந்து இறங்கும் கிழங்கு அப்போது ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும். ஊன்றினால் வாரக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்கும், வரிசை ஒழுங்கில்லாமல் முளைக்கும். நோயில்லாத விதை, ஆனால் வயது போதாத விதை. சமவெளிக்காரர்கள் தங்கள் சொந்தக் கிழங்கையே கோடை முழுக்க வீட்டில் பரப்பி வைத்துப் பார்த்தால், 40 டிகிரி வெயிலில் பாதி அழுகும், மீதி சுருங்கி மூப்படைந்துவிடும். அது வயது மீறிய விதை.

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949-ல் பாட்னாவில் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்குப் போனது. அங்கே புஷ்கர்நாத் தலைமையில் நடந்த ஆய்வுகள், சமவெளியிலேயே அசுவினி மிகக் குறைந்திருக்கும் ஒரு சாளரம் உண்டு என்று கண்டன. அக்டோபரிலிருந்து டிசம்பர் கடைசி வரை. அந்த இடைவெளிக்குள் விதைப்பயிரை முடித்துக்கொண்டால் மலையை நம்ப வேண்டியதில்லை. இதுவே 1950-களின் கடைசியில் வடிவம் பெற்ற விதைப்பாத்தி முறை. அக்டோபர் நடுவில் ஊன்றுவார்கள். டிசம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்துவார்கள். 100 கூட்டிலைகளுக்கு 20 அசுவினி என்ற அளவை எட்டுவதற்குள், ஜனவரி முதல் பத்து நாட்களுக்குள், செடியின் தலையை அறுத்து எறிவார்கள். செடி இல்லையென்றால் வைரஸ் கிழங்குக்கு இறங்க வழியில்லை. இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டுத் தோல் இறுகியபின் தோண்டி, பிப்ரவரி, மார்ச்சில் குளிர்பதனக் கிடங்கில் அடுக்குவார்கள். அடுத்த அக்டோபரில் வெளியே எடுக்கும்போது கிழங்குக்கு எட்டு மாத வயது, ஆனால் கோடை முழுக்க 2 முதல் 4 டிகிரியில் இருந்ததால் உடலில் அந்த மூப்பு இல்லை. உறக்கமும் கலைந்திருக்கும். வெளியே எடுத்துப் பத்து, பதினைந்து நாள் நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பினால் பல கண்களில் குட்டை முளை வந்துவிடும்.

இந்தச் சாதனையை வைரஸை வென்ற கதையாகத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதில் பாதி வயதை வென்ற கதை. குளிர்பதனக் கிடங்கு இல்லாமல் விதைப்பாத்தி முறை நின்றிருக்காது. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உருளை விளைவித்து, சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா நிற்பதற்கு இந்த ஏற்பாடு ஓர் அடிப்படைக் காரணம்.

ஆனால் இந்த ஏற்பாடு அக்டோபரில் ஊன்றும் சமவெளிக்காக அளந்து தைத்தது. ஹாசனில் ஊன்றுவது மே, ஜூனில். கிழங்கு வயதை மட்டும் பார்த்தால் அதுவும் பொருந்தக்கூடியதே, அறுவடையாகி நாலைந்து மாதம், உறக்கம் கலைந்த இளம் விதை. கெடுப்பது வழியும் காத்திருப்பும். கிடங்கிலிருந்து எடுத்த மூட்டை மே மாத வெயிலில் மத்திய இந்தியாவைக் குறுக்கே கடந்து வருகிறது. குளிர்ந்த கிழங்கின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வேர்த்து நின்றால் அழுகல் தொற்றும். அடுக்கிய மூட்டைகளின் நடுவே காற்று நுழையாவிட்டால் சூடு தங்கும். ஆக்சிஜன் போதாமல் கிழங்கின் நடுப்பகுதி கறுத்துப்போவதும் உண்டு. அதற்கும் மேல் மழை. மழை சொன்னபடி வந்தால் விதை முளைவிட்ட பதத்தில் மண்ணுக்குள் போகும். இரண்டு வாரம் பிந்தினால், வீட்டு மூலையில் சராசரி 26 டிகிரியில் கிடக்கும் கிழங்குக்கு அந்த வெப்பக் கணக்கில் 300-க்கு மேல் ஏறிவிடுகிறது. முளைகள் சாக்கின் இழை வழியே வெளியே நீட்டிக்கொள்ளும். மூட்டையைத் தூக்கும்போது பாதி முறிந்துபோகும். செலவைக் குறைக்கக் கிழங்கைத் துண்டு போட்டு ஊன்றும் வழக்கமும் அங்கே இருக்கிறது. இளம் கிழங்கின் வெட்டுவாய் சீக்கிரம் தக்கை கட்டி ஆறும், முதிர்ந்த கிழங்குக்கு அந்தத் திறன் குறைவு. ஈரமண்ணில் அது அழுகித்தான் போகும்.

பக்கத்திலேயே குளிர்ந்த நீலகிரி இருக்க, பஞ்சாபிலிருந்து ஏன் விதை வர வேண்டும் என்று கேட்கலாம். 1961-ல் உதகமண்டலத்தில் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் தங்கநிற முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். மண்ணோடு ஒட்டிப் பரவி, பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் அந்தப் புழு வேறு இடங்களுக்குப் போய்விடக் கூடாது என்று 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. தென்னிந்தியாவின் இயற்கையான விதைப்பண்ணை அதோடு மூடிக்கொண்டது. முத்தோரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களைக் கொடுத்தும் தடைக்கான காரணம் மண்ணை விட்டுப் போகவில்லை.

நீலகிரிக்கு உள்ளேயும் வயதுக் கணக்கு எளிதல்ல. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று முறை உருளை போடுகிற இடம் அது. ஒரு போகத்தில் தோண்டிய கிழங்கு அடுத்த போகத்துக்கு ஊன்ற வேண்டிய நாளில் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு போகம் தள்ளிப் போட்டால் முளை நீண்டு முதிர்ந்துவிடும். அதனால்தான் உறக்கத்தைக் கலைக்க 100 கிலோ விதைக்கு 30 கிராம் கார்பன் டைசல்பைடு என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் நச்சுத் திரவம், பழகிய கை இல்லாமல் தொடக் கூடாதது. வடக்கே தயோயூரியாக் கரைசலில் நனைத்து, லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலத்தில் சில நொடி முக்கி எடுக்கிறார்கள். ஜிப்ரலின் அளவு மிஞ்சினால் செடி ஒல்லியாக நெட்டையாகக் கிளம்பிச் சாய்ந்துவிடும். மருந்தால் உறக்கத்தைக் கலைக்கலாம். ஏறிப்போன வயதை இறக்க மருந்து எதுவும் இல்லை.

வயது ஏறும் வேகத்தைக் குறைக்கக் குளிர்பதனக் கிடங்கு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு, அது வெளிச்சம். இருட்டில் முளை வெள்ளையாக நீண்டு சத்தை விழுங்கும். நேர்வெயில் படாத பரவலான வெளிச்சத்தில் முளை பச்சையாகி, ஊதா ஏறி, குட்டையாகத் தடித்து நின்றுவிடும். தூக்கினாலும் உதிராது. ஆண்டீஸ், கென்யா போன்ற இடங்களின் உழவர்கள் கைக்கொண்டிருந்த இந்த வழக்கத்தை லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் 1970-களின் பிற்பகுதியிலிருந்து எடுத்து, மரச்சட்டத் தட்டுகளும் கூரையும் கொண்ட எளிய கொட்டகைகளாகப் பல நாடுகளில் பரப்பியது. கொட்டகை போட முடியாதவர்கள் திண்ணையில் மெல்லிய அடுக்காகப் பரப்பினாலே பெரிய வித்தியாசம் தெரியும். சாக்கில் கட்டி இருட்டறையில் போடுவதுதான் மிக மோசமான வைப்பு.

வயது ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ரகம், ஒரே கிடங்கு, ஒரே வெப்பக் கணக்கு என்று இருந்தும் விளைந்த வயல் வேறென்றால் விதையின் வீரியம் மாறுவதை நெதர்லாந்தில் கவனித்திருக்கிறார்கள். உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிழங்கின் தோலிலும் கண்ணிலும் தங்கியிருக்கும் நுண்ணுயிர்களின் கூட்டமைப்பைப் பார்த்தே அடுத்த பருவத்தில் எந்த விதை வேகமாகக் கிளம்பும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்று காட்டினார்கள். இந்த வழியில் இன்னும் நிறைய வரும்.

அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் விதைச் சான்று நோயைப் பார்க்கிறது, ரகக் கலப்பைப் பார்க்கிறது, கிழங்கின் பருமனைப் பார்க்கிறது. கிழங்கு பட்ட வெப்பத்தைப் பற்றி அந்த அட்டையில் ஒரு வரி கிடையாது. செடியின் தலையை அறுத்த தேதி, கிடங்குக்குள் போன தேதி, வெளியே வந்த தேதி என்று மூன்று தேதிகளை மூட்டையில் எழுத எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வேண்டாம். தன் செலவில் பாதியை விதைக்குக் கொடுக்கிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

அட்டை சொல்லாதவரை கண்தான் துணை. மூட்டையிலிருந்து ஒரு பத்துக் கிழங்கை எடுத்துப் பார்க்கலாம். முளையே இல்லாமல் கல் மாதிரி இருந்தால் இளமை, இன்னும் சில நாள் வெளிச்சத்தில் பரப்ப வேண்டும். உச்சியில் ஒரே முளை நீண்டிருந்தால் அதைக் கிள்ளிவிட்டால் மற்றக் கண்கள் எழும். ஒரு முறைக்கு மேல் கிள்ளக் கூடாது, ஒவ்வொரு கிள்ளலும் கிழங்கின் இருப்பைக் கரைக்கும். பல கண்களில் குட்டை முளை இருந்தால் தாமதிக்காமல் ஊன்றலாம். முளை கிளைவிட்டு, தோல் சுருங்கி, நூல் முளை தெரிந்தால் அந்த விதையைத் துண்டு போடக் கூடாது, குளிர்ந்த மண்ணிலோ ஆழத்திலோ ஊன்றக் கூடாது, நீண்ட பயிருக்கும் அதை நம்பக் கூடாது. சீக்கிரம் தோண்டி விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் வாங்கலாம். கிழங்கின் கண்ணிலேயே குட்டிக் கிழங்கு திரண்டிருந்தால் அந்த மூட்டை எந்த விலைக்கும் விதையாகாது.